நூலகர் பயிற்சியில் சித்திரப் புதினம்

படங்களின் தொடர்ச்சியால் கதையை நடத்திச் செல்லும் நூல்வகையை ஆங்கிலேயர் 'காமிக்ஸ்' என்றனர். அது பொருளாழமும் கட்டுக்கோப்பும் பெற்றுத் தனிநூலாக விரிந்தபின் 'கிராபிக் நாவல்' என்னும் பெயர் எய்தியது. தமிழ் வாசகர் இவ்விரு சொற்களையும் அவ்வாறே வழங்குவதோடு, படக்கதை, சித்திரக்கதை, வரைகதை எனவும் கூறுவர். இக்கட்டுரையில் அவ்வினம் முழுவதையும் சித்திரக்கதை என்றும், அதனுள் நெடிய நூலாக அமைந்தவற்றைச் சித்திரப் புதினம் என்றும் குறிப்போம்.

நூலகராகப் பயிலும் மாணவர்க்கு இவ்வகை நூல்கள் பாடப்பொருளாக அமையத் தகுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. இளைஞரை நூலகத்தின்பால் ஈர்க்கும் கருவியாகலின் தகும் என்பர் ஒரு சாரார். அவ்விடை பிழையன்று, ஆயினும் போதாது. நூல்களைத் தேர்தல், பகுத்தல், பட்டியலிடல், பேணுதல், வாசகரிடம் சேர்த்தல் என்னும் ஐந்தும் நூலகர் தொழிலின் உறுப்புகள். எழுத்து மட்டும் அமைந்த நூலில் இவ்வைந்தும் வழக்கத்தின் வலிமையால் எளியனபோல் தோன்றும். சித்திரப் புதினமோ ஐந்திடத்தும் வினா எழுப்பும். ஆகவே, அது நூலகர் பயிற்சிக்கு ஓர் உரைகல் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. எழுத்தும் ஓவியமும்

படம் நிறைந்த நூல் கல்லாதார்க்கும் சிறார்க்கும் உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பழந்தமிழ் வழக்கு இவ்வெண்ணத்திற்கு இடந்தருவதில்லை. எழுதுதல் என்னும் வினை, எழுத்தை வரைதற்கும் ஓவியம் தீட்டுதற்கும் பொதுவாக நின்றது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல், திருப்பரங்குன்றத்துச் சித்திரக் கூடத்தை எழுத்துநிலை மண்டபம் என்றே சுட்டுகிறது. அங்கு வந்தோர் காமனும் இரதியும், அகலிகையும் கௌதமனும் தீட்டப்பட்டிருத்தலைக் கண்டு, இவர் யாவர் என ஒருவரையொருவர் வினவியும் விளக்கியும் மகிழ்ந்தனர் என்பது அப்பாடலால் விளங்கும். படத்தைப் 'படித்தல்' என்பது அன்றே கூட்டமாக நிகழ்ந்த செயல்.

படமும் எழுத்தும் ஒருங்கே நின்று கதை கூறுதலும் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டப விதானத்தில் முசுகுந்தன் கதை பட்டை பட்டையாகத் தீட்டப்பெற்றுள்ளது. காட்சிகளை விளக்கும் தமிழ் வாசகங்களும் உடன் எழுதப்பெற்றுள்ளன. பார்ப்போர் பட்டையின் வழியே கண்ணைச் செலுத்திக் கதையைத் தொடர்தல் வேண்டும். இன்றைய சித்திரக்கதையின் இலக்கணமும் ஏறக்குறைய இதுவே.

அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்லௌட் 1993இல் வெளியிட்ட ஆய்வுநூலில் ஒரு கருத்தை வற்புறுத்தினார். இரண்டு கட்டங்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் நிகழ்வதனை வாசகன் தன் மனத்தால் நிரப்புகிறான். சித்திரக்கதையின் ஆற்றல் அவ்விடத்தே உள்ளது என்பது அக்கருத்து. தொல்காப்பியம் பயின்றார்க்கு இது வியப்பளிக்காது. செய்யுளியல் கூறும் உறுப்புகளுள் எச்சம் என்பது, கூறாது விட்டதனைச் சொல்லாலோ குறிப்பாலோ கொண்டுமுடித்தல். முன்னம் என்பது, இக்கூற்று இவர்க்கு இவ்விடத்து உரியது என உணர்தல். மெய்ப்பாடு என்பது, உள்ளத்து நிகழ்ச்சி உடலிற் புலப்படுதல். கட்டத்தின் இடைவெளியை நோக்க எச்சமும், பேச்சுக் குமிழி யாருடையது என அறிய முன்னமும், வரையப்பட்ட முகத்தை உணர மெய்ப்பாடும் துணைசெய்யும். செய்யுளுக்கு வகுத்த உறுப்புகளை ஓவியத்திற்கு அப்படியே பொருத்துதல் இயலாதெனினும், தமிழ் மாணவர் இந்நூல்வகையை அணுகுதற்கு இவை நல்ல வாயில்களாம்.

2. அரங்கநாதன் காட்டிய வழி

இந்தியாவில் நூலகப் பயிற்சி முறையாக வேரூன்றிய இடங்களுள் சென்னை தலையாயது. சீர்காழியிற் பிறந்த அரங்கநாதன் (1892–1972) கணக்குப் பேராசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராயினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அச்சங்கம் 1929இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியைப் பல்கலைக்கழகம் 1931இல் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டிலேயே அவருடைய ஐந்து விதிகள் பற்றிய நூலும், 1933இல் கோலன் பகுப்பு முறையும் வெளிவந்தன. அவர் பயின்ற சென்னைக் கிறித்தவக் கல்லூரி அந்நாளில் ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. ஆகவே, தாம்பரமும் அதனை அடுத்த புறநகர்களும் அரங்கநாதன் மரபைத் தமதென்று உரிமை பாராட்டுதல் தகும்.

அவர் வாழ்க்கையில் நிகழ்ந்ததாக அனைவரும் அறிந்த செய்தி ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. இலண்டனில் நூலகவியல் பயின்ற காலத்தில், ஒரு பெருங்கடையில் 'மெக்கானோ' என்னும் விளையாட்டுப் பொருளை அவர் கண்டார். ஒரு சில துண்டுகளையே வெவ்வேறு வகையில் இணைத்துப் பல பொருள்களை ஆக்குதல் கண்டு, நூற்பொருளையும் அவ்வாறே கூறுகளாகப் பிரித்து இணைக்கலாம் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. உலகம் மதிக்கும் பகுப்பு முறை ஒன்று சிறுவர் விளையாட்டுப் பொருளினின்று கிளைத்தது. சிறுவர்க்குரியது எனக் கருதி ஒன்றனை ஒதுக்குதல் அவர் மரபினர்க்கு அழகன்று.

அவர்தம் விதிகளின் சாரம், நூல் பூட்டி வைத்தற்கன்றிப் பயன்கொள்ளற்கே உரியது என்பதும், எவ்வகை வாசகர்க்கும் அவர் வேண்டும் நூல் கிட்டுதல் வேண்டும், எந்நூலுக்கும் அதனை வேண்டுவார் கிட்டுதல் வேண்டும் என்பதுமாம். இவற்றுள் எதுவும் 'படமில்லாத நூல்' என வரையறை செய்யவில்லை.

3. பகுத்தலிற் காணும் சிக்கல்

பயிற்சி மாணவரிடம் ஒரு சித்திரப் புதினத்தைக் கொடுத்து எண் இடுக என்றால், முதல் இடர்ப்பாடு அங்கேயே தோன்றும். டூயி தசமப் பகுப்பில் சித்திரக்கதைக்கு உரிய எண் 741.5. இஃது ஓவியக் கலையின் கீழ் வருவது. தமிழ்ப் புதினத்திற்கு உரிய எண்ணோ 894.8113. தமிழில் வெளிவந்த சித்திரப் புதினத்தை நாடி வரும் வாசகர் இரண்டு அடுக்குகளுள் எதன்முன் நிற்பார்? கோலன் பகுப்பில் இச்சிக்கல் வேறு வடிவில் வரும். அங்கு நுண்கலையும் இலக்கியமும் அடுத்தடுத்த பெரும்பிரிவுகள். இலக்கியத்தினுள் மொழி, வடிவம் என்பவற்றின் பின்னர், ஆசிரியர் பிறந்த ஆண்டைக் கொண்டு எண் அமையும். எழுதினார் ஒருவர், வரைந்தார் ஒருவர் எனின், யாருடைய பிறந்த ஆண்டைக் கொள்வது? இவ்வினாவிற்கு விடைதேடும் மாணவர், ஆசிரியர் என்னும் சொல்லின் பொருளையே மீண்டும் ஆராயும் நிலைக்கு வருவர்.

மற்றொரு சிக்கல் பெயரால் விளைவது. 'நாவல்' எனப்படினும், இவ்வகையிற் புகழ்பெற்ற பல நூல்கள் கற்பனையல்ல. ஆர்ட் ஸ்பீகல்மன் இயற்றிய 'மௌஸ்' 1986, 1991 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. நாசிக் கொடுமையினின்று உயிர்பிழைத்த தம் தந்தையாரின் வரலாற்றை யூதரை எலிகளாகவும் செருமானியரைப் பூனைகளாகவும் வரைந்து அவர் கூறினார். 1991இல் 'நியூயார்க் டைம்ஸ்' இதழ் அதன் இரண்டாம் பகுதியைப் புனைவு நூல்களின் வரிசையில் வைத்தது. ஆசிரியர் மறுப்பு எழுதவே, அது புனைவல்லாத நூல்களின் வரிசைக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டில் அந்நூல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. பகுப்பு என்பது வெறும் எண் இடும் வேலையன்று, ஒரு மனிதர் பட்ட துன்பம் மெய்யா பொய்யா என்று உலகிற்குச் சொல்லும் செயல் என்பதனை மாணவர்க்கு உணர்த்த இதனினும் தெளிவான சான்று வேண்டா.

தமிழர்க்கு இன்னும் அணுக்கமான சான்றும் உண்டு. பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொல்லாக் வரைந்த 'வன்னி' என்னும் ஆங்கிலச் சித்திரப் புதினம் 2019இல் வெளிவந்தது. ஈழப்போரில் அலைந்த ஒரு குடும்பத்தின் கதை அது. குடும்பம் கற்பனை, அதற்கு அடிப்படையாகிய வாக்குமூலங்கள் மெய். இதனைப் புனைவில் வைப்பதா, இலங்கை வரலாற்றில் வைப்பதா என வகுப்பில் விவாதித்தால், இருதிறத்தும் நல்ல காரணங்கள் தோன்றும். இரண்டிடத்தும் வாசகர் கண்ணிற் படுமாறு குறுக்குப் பதிவு அமைத்தலின் இன்றியமையாமை அப்போது தானே விளங்கும்.

4. பட்டியலிடலும் படைப்பாளரும்

தமிழ்ச் சித்திரக்கதை வரலாற்றில் சிவகாசிக்குத் தனியிடம் உண்டு. 1972இல் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்சும், 1984இல் அவர் மகனார் விஜயன் தொடங்கிய லயன் காமிக்சும் மேலைநாட்டுச் சித்திரக்கதைகளைத் தமிழில் தந்து தலைமுறைகளை வாசகராக்கின. 'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயரைக் கேட்டதும் முகம் மலரும் முதியோர் இன்றும் பலர் உளர்.

அந்த மாயாவியை நூற்பட்டியலில் எவ்வாறு பதிவது? மூலம் இங்கிலாந்தில் 1962இல் 'வேலியன்ட்' என்னும் கிழமை இதழில் தொடங்கிய 'தி ஸ்டீல் க்ளா'. வரைந்தவர் எசுப்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. எழுதியோருள் கென் புல்மர், டாம் டல்லி ஆகியோர் அறியப்பட்டவர். அக்கால ஆங்கிலச் சிறுவர் இதழ்களில் படைப்பாளர் பெயரை அச்சிடுதல் வழக்கமன்று. ஆகவே, பெயரைத் தேடிக் கண்டு பதிதல் பட்டியலாளரின் ஆய்வுக் கடமையாகிறது. தமிழ்த் தலைப்பு, மூலத் தலைப்பு, எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர், பதிப்பாசிரியர், தொடரின் பெயர், வெளியீட்டு எண் என இத்தனையும் ஒரு சிறு நூலுக்கு வேண்டும். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் அவ்வழியாகத் தேடி வரும் வாசகர் வெறுங்கையோடு திரும்புவார். ஏட்டுச்சுவடிகளுக்குப் பாடியோர் பெயரும் உரையாசிரியர் பெயரும் தேடி உழைத்த நம் பதிப்பாசிரியர்களின் மரபு ஈண்டுப் புதிய களத்தில் தொடர்கிறது எனலாம்.

5. பேணுதல்

மேற்கூறிய வெளியீடுகள் மலிவான தாளில் அச்சாகிக் கடைகளில் தொங்கி விற்பனையானவை. மரக்கூழால் ஆகிய அத்தாளில் லிக்னின் என்னும் பொருள் மிகுதி. அது ஒளியாலும் காற்றாலும் மாற்றமுற்று, தாளைப் பழுப்பாக்கி ஒடியச் செய்யும். கடலோரக் காற்றின் ஈரத்தால் கம்பித் தையல் துருவேறும். துரு தாளை அரிக்கும். கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டமையால் தப்பியவை சில. பழைய வெளியீடுகளை இன்று தேடுவோர் பெரும்பாலும் நாடுவது தனியார் சேகரிப்பையும் பழைய புத்தகக் கடைகளையுமே.

1954ஆம் ஆண்டின் நூல் வழங்கற் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூலின் படிகள் சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களைச் சேர்தல் வேண்டும். ஆயினும், சட்டம் நூலை வாயில்வரை கொணரும். அதனை ஏற்றுப் பதிந்து காப்பது நூலகரின் மதிப்பீட்டைப் பொறுத்தது. 'இது நூலா?' என்னும் ஐயம் உடையவர் கையில் எச்சட்டமும் பயன் தாராது.

தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இவ்வுண்மைக்கு நிலைத்த சான்று. கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு, பிறர் வீசியெறிந்த துண்டு வெளியீடுகள், நாடக அறிவிப்புகள், இதழ்கள் முதலியவற்றையும் அவர் தொகுத்தார். 1992இல் அவர் மறைந்தபின், ஏறத்தாழ ஓரிலட்சம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பைச் சிகாகோப் பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையிலேயே வைத்துப் பேண முன்வந்தது. 1994இல் நூலகம் உருவாயிற்று. தமிழ்ச் சமூக வரலாறு ஆய்வோர் இன்று அதனை நாடாதிருத்தல் அரிது. ஒரு தனிமனிதரின் ஆர்வம் காத்ததனை நிறுவனங்கள் அக்காலத்தே கருதிற்றில. சித்திரக்கதை வகையில் அத்தகைய மற்றொரு முத்தையாவை எதிர்பார்த்து வாளா இருத்தல் நூலகத் துறைக்குத் தகாது.

அண்மைக் கால நூல்களும் இவ்வபாயத்திற்கு விலக்கல்ல. நருமதை அணையை எதிர்த்த மக்கள் இயக்கத்தைப் பொருளாகக் கொண்டு ஒரிஜித் சென் இயற்றிய 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' 1994இல் வெளிவந்தது. இந்தியாவின் முதற் சித்திரப் புதினமாக அது பலராலும் குறிக்கப்படுவது. ஆயினும் நெடுங்காலம் அச்சில் இல்லாதிருந்து, 2022இலேயே சென்னைப் பதிப்பகமாகிய பிளாஃப்ட் வாயிலாக மீண்டும் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில், முதற்பதிப்பை வாங்கி வைத்த நூலகத்தின் வாசகர்க்கே அது கைக்கெட்டும் நூலாயிற்று.

6. வாசகரிடம் சேர்த்தல்

பயிற்சியற்ற நூலகர் இருவகையில் தவறுவர். படம் உள்ளமையின் நூலைத் தேராது விடுதல் ஒன்று. படம் உள்ளமையாலேயே சிறுவர் பகுதியில் வைத்துவிடுதல் மற்றொன்று. பின்னது கேடு மிகுந்தது. ஈரானியப் பெண்மணி மர்ஜானே சத்ரபி தம் இளமை வரலாற்றை வரைந்த 'பெர்சபொலிஸ்' தமிழிலும் வந்துள்ளது. சிறுமி ஒருத்தியின் உருவம் அட்டையில் இருப்பினும், உள்ளே சிறைக்கொடுமையும் போரும் பேசப்படுகின்றன. நூலைப் படியாமல் அட்டையைப் படிக்கும் நூலகர் சிறாரையும் ஏமாற்றுவர். அந்நூலை வேண்டிய முதிர்ந்த வாசகரையும் இழப்பர்.

படங்களை நுணுகி நோக்கும் பயிற்சிக்குச் சிறந்த நூலாக 'பீமாயணம்' அமையும். அம்பேத்கரின் வாழ்வில் தீண்டாமை விளைத்த துன்பங்களை நீர், உறைவிடம், பயணம் என்னும் பிரிவுகளாகக் கூறும் அந்நூல் 2011இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர்த் தமிழிலும் வந்தது. வரைந்தோர் பர்தான் கோண்டு மரபைச் சார்ந்த துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் ஆகியோர். மாந்தரைக் கட்டங்களுள் அடைத்தற்கு அவர் இசைந்திலர். பக்கம் முழுதும் தம் மரபுக் கோலங்களால் பிரித்தனர். அன்புடைய சொல் பறவை வடிவான குமிழியிலும், நச்சுடைய சொல் தேள்கொடுக்கு உடைய குமிழியிலும் நிற்கின்றன. இக்குறிப்பை அறியாதார் அந்நூலிற் பாதியையே படித்தவராவர்.

நூல் வாங்கும் பணம் குறைவு, படநூலோ விலை மிகுந்தது என்னும் தடையும் கூறப்படும். தடை மெய்யே. ஆனால், 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தால் ஏற்பட்ட நூலக வரி, தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் வாழும் வீட்டுடைமையாளர் அனைவரிடமும் பெறப்படுவது. அவ்வரியில் எழுத்து நூலை விரும்புவார் பங்கு இவ்வளவு, சித்திர நூலை விரும்புவார் பங்கு இவ்வளவு என்னும் பிரிவினை இல்லை. விலை மிகுந்தது என்பது நன்கு தேர்தற்குக் காரணமாகலாம். முற்றும் ஒதுக்குதற்குக் காரணமாகாது. தேர்தற்கு அறிவு வேண்டும். அறிவிற்குப் பயிற்சி வேண்டும்.

7. பயிற்சிக்கு ஒரு திட்டம்

தென்சென்னைப் புறநகர்களிற் பயில்வோர்க்கு இதன்பொருட்டுத் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. வேளச்சேரியிற் புறப்படும் பறக்கும் தொடர்வண்டித் தடத்தில் தரமணி, திருவான்மியூர், கோட்டூர்புரம் என்னும் மூன்று நிலையங்களும் அணித்தே உள்ளன. அவற்றை மூன்று வகுப்பறைகளாகக் கொள்ளலாம்.

முதலாவது, தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். அழியுந்தாளைப் பேணும் முறையையும், பிறர் புறக்கணித்ததனைப் பொருளாகப் பதியும் முறையையும் மாணவர் அங்கு அறியலாம்.

இரண்டாவது, திருவான்மியூரில் 1994 முதல் நூல் வெளியிட்டுவரும் தாரா பதிப்பகம். வங்கத்துப் படச்சுருள் ஓவியரைக் கொண்டு மார்ட்டின் லூதர் கிங்கின் வரலாற்றையும் (2010), சீதையின் நோக்கில் இராமாயணத்தையும் (2011) சித்திர நூல்களாக அது தந்தது. 2004 டிசம்பரில் நம் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையைப் பற்றிய அதன் நூல் ஒன்று, கையால் அச்சிடப்பெற்றுச் சுருள்போல் நீள விரிவது. இதற்குப் பக்க எண் எவ்வாறு குறிப்பது? நிலையடுக்கில் எவ்வாறு நிறுத்துவது? இரவல் தருவதா, இருந்து படிக்கச் செய்வதா? ஒரு நூலைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வினாக்களை விடுத்தல் ஒரு மாதப் பாடத்திற்கு ஈடாகும்.

மூன்றாவது, 2010இல் திறக்கப்பெற்ற கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். ஒன்பது தளங்களையுடைய அப்பெருநூலகத்தில் வாசகர் எப்பகுதியில் எதனைத் தேடுகின்றனர், அடுக்கின் அமைப்பு அவர்க்கு வழிகாட்டுகிறதா, தடுக்கிறதா என்பதனை மாணவர் நேரிற் கண்டு எழுதலாம்.

இம்மூன்றன்பின், ஒவ்வொரு மாணவரும் ஒரு சித்திரப் புதினத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு இரு முறையிலும் பகுப்பெண் இட்டு, முழுப் பதிவு எழுதி, பேணுதற்குரிய குறிப்புத் தந்து, எவ்வாசகர்க்கு உரியது என ஒரு பக்க விளக்கம் வரைதல் வேண்டும். தேர்வு இதுவே ஆகலாம். விடை ஒன்றே என்பது இல்லை; காரணம் காட்டும் திறமே மதிப்பிடப்படும்.

முடிவு

இதுகாறும் கூறியவற்றால், சித்திரப் புதினம் நூலகர்க்கு இலக்கியமாக மட்டுமன்றித் தொழிற்பாடமாகவும் பயன்படும் என்பது போதரும். ஆசிரியர் யார், மெய்யும் புனைவும் எங்குப் பிரிவன, எது காக்கத் தக்கது, எந்நூல் எவர்க்கு உரியது என்னும் வினாக்கள் எல்லா நூலுக்கும் பொதுவானவை. சித்திரப் புதினம் அவற்றை மறைக்காமல் முன்வைக்கிறது. அரங்கநாதனார் நூலகத்தை வளரும் உயிராகக் கண்டார். உயிர் வளர்தற்குப் புதிய உணவை ஏற்றல் வேண்டும். அந்நாளைய சிவகாசி வெளியீடுகளின் தாள் ஆண்டுதோறும் ஒடிந்துவருகிறது. அவை முற்றும் மறையுமுன் அவற்றைப் படிக்கவும் பதியவும் வல்ல ஒரு தலைமுறையை உருவாக்குதல் நூலகவியல் துறைகளின் கடமை. அதற்குத் துணைநிற்றல் தமிழ்த் துறைகளின் கடமை.